நடுவர் தீர்ப்பே இறுதியானது

மே 4, ஞாயிறு

இந்த டைரியை மகள் மதிவதனி ஜனவரியில் புனேயிலிருந்து அனுப்பினாள். இத்தனை நாளாக இதன்மேல் ஃபோனைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்று பேச்சு வந்தால் எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

காலையில் இட்லி சாப்பிடும்போது என் கணவர் கோமதிநாயகம் சொன்னார். "செம்பகம், நான் ஆசிரமத்துக்குப் போயிரலாம்னு இருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

"போறதுன்னா போறதுதான்."

பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே ஓடிவிடுகிறார். போய் வரட்டும் என்று விட்டது என் தப்பு.

நான் கோபப்படவில்லை. காரணங்கள் மட்டும் சொன்னேன். பிரஷர் மாத்திரையை அங்கே யார் எடுத்துக் கொடுப்பது, இந்த வயதில் தரையில் சம்மணம் போட்டால் யார் தூக்கிவிடுவது, இங்கே தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் யார் தட்டுவது என்று வரிசையாகச் சொன்னேன். "பேச்சுல நீ ஜெயிச்சுட்ட டீச்சர்" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "ஆனா நான் போறேன்" என்றார்.

இது என்ன நியாயம்? தோற்றவர் எப்படிப் போகலாம்?

மே 5, திங்கள்

மாவு அரைக்கக் கொடுத்தேன். மோட்டார் சரியாக ஓடுகிறது. அவர்தான் சரியாக இல்லை.

எதிர்காலத்தில் இதைப் படிப்பவர்களுக்கு (மதி, உன்னைத்தான் சொல்கிறேன்) ஒரு குறிப்பு. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பாளையங்கோட்டை வட்டாரத்தில் பட்டிமன்றம் என்றால் செண்பகவல்லி. உன் அப்பாவும் பேச்சாளர். எங்களை மேடைதான் சேர்த்தது. 'சிறந்தது காதல் கல்யாணமா, பெற்றோர் பார்த்த கல்யாணமா' என்று தலைப்பு. நான் பெற்றோர் பக்கம், அவர் காதல் பக்கம். நான் ஜெயித்தேன். அப்புறம் அவரையே காதலித்துக் கட்டிக்கொண்டேன். பட்டிமன்றத்தில் இது சகஜம். கமிட்டி எந்தப் பக்கம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும். நம் சொந்தப் பக்கம் எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மே 7, புதன்

புருவத்தில் மாவோடு இசக்கிமுத்து வந்தார். மாவு மில்காரர். எங்கள் தெரு முப்பிடாதி அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அவர்தான் கமிட்டிச் செயலாளர்.

"டீச்சர், கொடைக்கு மறுநாள் பட்டிமன்றம். இந்த வருசம் நடுவர் நீங்கதான்."

பல வருடமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அவர் வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

"ஒரே ஒரு கண்டிசன். போன வருசம் வந்த நடுவர் ரெண்டு பக்கமும் சரின்னு சொல்லிட்டு மாலையை வாங்கிட்டுப் போயிட்டாரு. சனம் பூரா நாற்காலியைத் தூக்கிட்டாங்க. வழவழா தீர்ப்பு வேண்டாம். ஒண்ணு இது, இல்லாட்டா அது."

"ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் இசக்கிமுத்து" என்றேன்.

தலைப்பைக் கேட்டேன். 'மனிதனை உயர்த்துவது பற்றா, துறவா?'

"யாரு குடுத்த தலைப்பு?"

"சார்தான் குடுத்தாங்க. துறவுக்குச் சார்தான் தலைவர்."

சார் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

இசக்கிமுத்து போனதும் நேராகப் போய் நின்றேன். "சரி. மேடையில வச்சே தீத்துக்கிடுவோம். தீர்ப்பு பற்றுன்னா நீங்க இந்த வீட்டுல. துறவுன்னா ஆசிரமத்துல. சம்மதமா?"

"நடுவரே நீதான?"

"மேடையில நான் பொய் சொன்னதுண்டா?"

ஒரு கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "வீட்டுல உண்டு. மேடையில இல்ல" என்றார். "சம்மதம்."

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இத்தனை வருடக் குடித்தனத்தைக் கொண்டுபோய்க் கொடைப் பந்தலில் வைத்திருக்கிறோம். பரவாயில்லை. தீர்ப்பு இப்போதே என் மனதில் தயார். பற்று.

மே 9, வெள்ளி

துறவுப் பயிற்சி ஆரம்பம். காப்பியை விட்டுவிட்டார். என் டம்ளரிலிருந்து ஒரு வாய் மட்டும் கேட்டார். அந்த ஒரு வாய் முக்கால் டம்ளர்.

நேற்று ராத்திரி முதல் தரையில்தான் படுக்கை. ஆனால் இலவம்பஞ்சுத் தலையணை வேண்டும். அவருக்கென்றே தைத்தது. வேறு தலையணையில் தூக்கம் வராது. "கழுத்து புடிச்சுக்கிட்டா தியானம் வராதுல்லா" என்கிறார். உலகத்தையே துறக்கிறவருக்கு ஒரு தலையணையைத் துறக்க முடியவில்லை. சிரிக்க மட்டும் செய்தேன், அவருக்குக் கேட்கிற மாதிரி.

மே 10, சனி

எனக்கும் பற்று இல்லை என்று காட்ட இன்று முழுக்க அவரிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மதியம் வரை அவர் கவனிக்கவே இல்லை. சாயங்காலம், "இன்னைக்கு வீடு நல்லா குளுகுளுன்னு இருக்கு, என்ன" என்றார், சந்தோஷமாக.

பேசிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

அவர் ஆசிரமம் போனதும் மதிக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்பாவப் போகாதீங்கன்னு ஒரு தடவையாவது சொன்னியாம்மா?" என்றாள்.

"ஏழு காரணம் சொல்லியிருக்கேன்."

"காரணம் கேக்கல. சும்மா. போகாதீங்கன்னு."

காரணமில்லாமல் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது? எந்த மேடையில் ஒத்துக்கொள்வார்கள்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாதம் செய்யவே தெரியவில்லை.

இசக்கிமுத்து நடுவருக்கான பித்தளை மணியைக் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சாளர் நேரத்தைத் தாண்டினால் அடிப்பது. நல்ல கணீர் சத்தம். ஆசிரமத்திலிருந்து திரும்பியவர், "அங்க இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தார். ஒரு அடி அடித்துப் பார்த்தேன். டக்கென்று நிறுத்திவிட்டார். மணி நன்றாக வேலை செய்கிறது.

மே 13, செவ்வாய்

ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாபநாசம் பஸ் ஏறினேன். உளவு பார்க்க இல்லை. நடுவர் இரு தரப்பையும் நேரில் பார்ப்பது முறை.

ஆசிரமத்தில் குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் மாமரத்தடியும் கிணற்றடியும் சுத்தமாக இருந்தன. ருக்மணி என்று ஒரு அம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டதற்குச் சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

"ஞாயித்துக்கெழம வாங்க. கோமதி சார் வருவாங்க. அவங்க பேச ஆரம்பிச்சாங்கன்னா இந்த இடமே கலகலன்னு ஆயிரும். தக்காளிச் செடியில எறும்பு ஏறுனத ஒரு மணி நேரம் சொன்னாங்க பாத்துக்கிடுங்க. சிரிச்சு எங்களுக்கு வயித்து வலி."

"எந்தக் கோமதி சார்? ஒல்லியா, கண்ணாடி போட்டு?"

"அவங்களேதான்."

நான் வேறு யாரோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அவர் பேசுவது மொத்தம் மூன்று வார்த்தை. ம், சரி, உப்பு.

"வீட்டுல இப்பிடிப் பேச ஆளில்லையா சார்னு நானே கேட்டேன்" என்றார் அந்த அம்மாள். "எங்க வீட்டுல பேச்சு நல்லா நடக்கும், நான் கேட்டுக்கிடுவேன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல வெயில். கண்ணெல்லாம் எரிந்தது. ஜாக்கெட் துணி எங்கே என்று கேட்டார். கலர் சரியில்லை என்றேன்.

மே 16, வெள்ளி

சோதனை செய்து பார்த்தேன். காலையில் அவர், "மாடித் தொட்டியில தக்காளி..." என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பாதியில் நிறுத்தி, நான் குறுக்கே விழுவேன் என்று காத்திருந்தார். நான் விழவில்லை.

"ஒனக்கு உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மே 19, திங்கள்

தீர்ப்புரையை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பாகற்காய் வறுத்தேன்.

மே 22, வியாழன்

நேற்றுப் பட்டிமன்றம். பெண்கள் முன்வரிசையில், ஆண்கள் ஓரமாக, பிள்ளைகள் மேடைக்குக் கீழே. எனக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். நாற்காலி கொஞ்சம் ஆடியது. அதை இசக்கிமுத்துவிடம் பிறகு சொல்ல வேண்டும்.

ஆரம்பிக்கப் போகும் நேரம் இசக்கிமுத்து ஓடி வந்தார். பற்று அணித் தலைவர் புலவர் ஆவுடையப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கொடைக்கு ஐஸ் போட்ட பதநீரை வளைத்துக் குடித்திருக்கிறார். வெறும் காற்றுதான் வருகிறது.

"சார், துறவுக்குக் காலேஜ் வாத்தியார் இருக்காரு. நீங்க இந்தப் பக்கம் மாறிக்கிடுங்க சார்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து பற்று அணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். போக வேண்டும் என்கிற ஆளே வந்து இருக்க வேண்டும் என்று பேசப் போகிறார். அம்மன் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலேஜ் வாத்தியார் சுமாராகப் பேசினார். அடுத்து இவர். தலையணையில் ஆரம்பித்தார். "உலகத்தையே விடத் தயாரா ஒருத்தன் இருந்தான், ஒரு தலையணையைத் தவிர" என்றதும் சனம் சிரித்தது. என் காப்பி டம்ளர் வந்தது. நான் பேசாதிருந்த அந்த அரை நாள் வந்தது. கவனித்திருக்கிறார், பொல்லாத மனிதர். அவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஒருத்தி தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததையும், கொடுக்கும்போதெல்லாம் திட்டியதையும் சொன்னார். "அய்யா, ஆசிரமத்துல எல்லாம் கெடைக்குது. அமைதி கெடைக்குது. மாங்கா கெடைக்குது. நான் மூச்சுவிடாம பேசினா கேக்க ஆளு கெடைக்குது. என்னைத் திட்டுததுக்கு ஒரு ஆளு அங்க கெடையாது. திட்டு இல்லாத எடத்துல நான் யாருன்னே எனக்குத் தெரியல."

நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. இசக்கிமுத்து கீழேயிருந்து கடிகாரத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். மணி என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அடிக்கவில்லை. அவர் முழுசாகப் பேசி நான் கேட்டதில்லை. இவ்வளவு அழகாகப் பேசுகிற ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு நான் தீர்ப்புச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ வீடியோ எடுத்து மதிக்கு அனுப்ப, அவள் எனக்கு அனுப்பினாள். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

"பற்று அணி ரொம்ப நல்லாப் பேசுச்சு. நல்லாப் பேசினவங்கதான் ஜெயிக்கணும்னா எங்க வீட்டுல நான் தினமும் ஜெயிக்கேன். ஜெயிச்சு ஜெயிச்சு, எதுத்தாப்புல இருந்தவரு பேசுததையே விட்டுட்டாரு. நான் இத்தன வருசமா புடிச்சு வச்சிருந்தது அவரை இல்ல, என் ஜெயிப்பைத்தான். அதை விட்டாத்தான் எனக்கு அவரு கெடைப்பாரு. பற்று வேணும்னாலும் மொதல்ல ஒண்ணை விடத் தெரியணும். அதனால, மனுசனை ஒசத்துதது துறவுதான்."

அடுத்து நடந்தது இந்த வட்டாரத்தில் எந்த மேடையிலும் நடந்ததில்லை. என் கணவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நடுவர் அவர்களே, இந்தத் தீர்ப்பை நான் எதிர்க்கேன். இது அநியாயம். நான் நல்லாப் பேசினேன்."

போவேன் போவேன் என்று நின்றவர், போங்கள் என்று தீர்ப்புச் சொன்னதும் போக மாட்டேன் என்று சண்டைக்கு வருகிறார். பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் மணியை எடுத்து அடித்தேன். "நடுவர் தீர்ப்பே இறுதியானது. உக்காருங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார். "ஏன் அப்பிடிச் சொன்ன?"

"காரணம் மேடையிலயே சொல்லியாச்சு."

"கமிட்டி சொன்னாங்கன்னு மட்டும் நான் அந்தப் பக்கம் பேசல."

"தெரியும்."

"அப்போ போகணுமா?"

"தீர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்லா."

"எனக்குப் போகணும்னும் இருக்கு. போகக்கூடாதுன்னும் இருக்கு செம்பகம்."

"ஒரு கணக்குக்கு ரெண்டு விடை கெடையாது" என்றேன். குரல் கொஞ்சம் கரகரத்தது. நானும் அந்தப் பதநீர் குடித்திருந்தேன்.

மே 24, சனி

போய்விட்டார். இரண்டு வேட்டி, மாத்திரை, கண்ணாடி, நான் போட்ட நாரத்தங்காய் ஊறுகாய். தலையணையை எடுத்துக் கொடுத்தேன். "வேண்டாம். துறவுன்னு தீர்ப்பாயிருச்சுல்லா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் பத்துத் தடவை மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். சொல்ல வேண்டியது அது இல்லை.

மே 25, ஞாயிறு

நிம்மதி. வீடு பூராவும் எனக்குத்தான். பழக்கத்தில் பால் இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டேன்.

மே 26, திங்கள்

தலையணையை வெயிலில் போட்டு எடுத்தேன். சும்மா கிடந்தால் பஞ்சு கட்டிப்போகும் என்பதால் நானே அதில் படுத்துக்கொள்கிறேன்.

மே 28, புதன்

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வுக்குக் கணக்குக் கேட்க வந்தாள். இருபடிச் சமன்பாடு. x-இன் வர்க்கம் நான்கு என்றால் x எவ்வளவு? இரண்டு என்று எழுதிவிட்டு எழுந்தாள்.

"இன்னொண்ணு எங்க? மைனஸ் ரெண்டு யாரு எழுதுவா? ரெண்டும்தானே விடை. ஒண்ணை மட்டும் எழுதினா பாதி மார்க்குதான் போடுவாங்க" என்று சத்தம் போட்டேன்.

சத்தம் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்து தண்ணீர் கொண்டு வந்தாள். வருடம் முழுக்க இதைத்தான் கரும்பலகையில் போடுகிறேன். ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு விடை, இரண்டும் சரி. ஒரு கணக்குக்கு ஒரு விடை என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இசக்கிமுத்துவுக்குக் கணக்குத் தெரியாது, நல்லவேளை.

மே 31, சனி

மணியைக் கமிட்டியில் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் இரண்டு வாங்கினேன். நாளைக்குத் தேங்காய்ப்பாலில் சொதிக் குழம்பு வைக்கலாம் என்று தோன்றியது. யாருக்கும் இல்லை, எனக்குத்தான்.

ஜூன் 1, ஞாயிறு

பத்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். கதவு திறந்துதான் இருந்தது.

"யாரு?"

"ஒரு துறவி."

"என்ன வேணும்?"

"சொதி. தெரு முனைக்கே வாசம் வருது."

கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னேன். மெலிந்திருக்கிறார், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே எறும்புக் கதையைச் சொன்னார். முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறி அவர் என் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நல்ல கதைதான். நடுவில் கொஞ்சம் இழுவை. அதை நாளைக்கு ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம்.

நாலரை பஸ்ஸுக்குப் பையைக் கட்டினார். அவருக்கு அந்த இடம் வேண்டும். அதுவும் எனக்குத் தெரிகிறது. உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தேன். அதை அவர் பைக்குள் திணித்துக்கொண்டே, "போகாதீங்க" என்றேன்.

காரணம் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "ரெண்டுல எது டீச்சர்?"

"ரெண்டும்தான். ரெண்டையும் எழுதினாத்தான் முழு மார்க்கு."

மேடையில் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தால் முதல் நாற்காலியை இசக்கிமுத்துவே தூக்கியிருப்பார். இவர் தூக்கவில்லை. பையிலிருந்து தலையணையை உருவி, உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் தான் படுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அது இங்கயே கெடக்கட்டும். சனிக்கெழம வந்தா வேணும்லா."

நாலரை பஸ் போய்விட்டது. அடுத்தது அஞ்சே காலுக்கு. அதுவரைக்கும் தக்காளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன் என்று உட்கார்ந்தார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். அலமாரியில் மணி இருந்தது. என் கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.